விமானம் இறங்கியாச்சு, ரயில் டிக்கெட்டில் சிக்கலா? அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

வெளிநாட்டில் போய் இறங்கி, அங்கிருந்து ரயில் பிடித்து இன்னொரு ஊருக்குப் போக வேண்டும். நம் மனதில் இது ஒரே பயணம். டிக்கெட் விற்கிறவர்களுக்கோ இவை ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு பயணங்கள். உங்கள் ரயில் எது என்று விமானக்காரருக்குத் தெரியாது. உங்கள் விமானம் எங்கே பறந்துகொண்டிருக்கிறது என்பது ரயில்காரருக்குத் தெரியாது. கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் முளைப்பது இந்த ஒரே இடத்தில்தான்.

வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு எது நடந்திருக்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போய்விடுங்கள். பெட்டி வரும் பெல்ட்டின் முன்னால் நின்றுகொண்டு படிக்கிறீர்கள் என்றால், முதல் தலைப்பு உங்களுக்குத்தான்.

விமானம் தாமதம், ரயிலைப் பிடிக்க முடியாது போலிருக்கிறது

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். ரயில் கிளம்பிவிட்டதா, இல்லையா? மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் மலிவு டிக்கெட்டுகளில் பெரும்பாலானவை ரயில் புறப்படும் நொடிவரைதான் அதை அனுமதிக்கும். புறப்பட்ட பின் அதே டிக்கெட் வெறும் காகிதம்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். ரயில் 2.05க்கு. பெல்ட் ஓட ஆரம்பித்தபோது மணி 1.35. 'இதோ வந்துவிடும்' என்று ஒரே சிவப்புப் பெட்டி நான்கு முறை என்னைச் சுற்றிப்போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கையில் போன், போனில் ரயில் ஆப், ஆப்பில் 'மாற்று' என்ற பொத்தான். என் பெட்டி வந்தபோது மணி 2.10. பொத்தானைக் காணோம். அன்று மாலை ரயிலுக்கு வாங்கிய டிக்கெட், பழையதைவிடப் பல மடங்கு. ஆகவே, ரயிலுக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போதும் நீங்கள் இமிக்ரேஷன் வரிசையிலோ பெல்ட்டிலோ நிற்கிறீர்கள் என்றால், நம்பிக்கையை விட்டுவிட்டு மாற்றிவிடுங்கள். வித்தியாசத் தொகை வலிக்கும்தான். ஆனால் முழு டிக்கெட்டையும் இழப்பது போல வலிக்காது.

மாற்ற முடியுமா என்பதை டிக்கெட்டின் வகை சொல்லும். ஒவ்வொரு நாட்டிலும் தேட வேண்டிய சொல் வேறு. பிரிட்டனில் 'அட்வான்ஸ்' என்று இருந்தால் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். புறப்படும் முன் மாற்றலாம், பணம் திரும்பாது. 'எனிடைம்', 'ஆஃப் பீக்' வகை என்றால் கவலை வேண்டாம், அடுத்த ரயிலில் ஏறலாம். ஆஃப் பீக்கில் மட்டும் நெரிசல் நேரக் கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் 'ஷ்பார்பிரைஸ்', 'சூப்பர் ஷ்பார்பிரைஸ்' இரண்டும் நீண்டதூர ரயிலோடு கட்டிப்போட்டவை. 'ஃப்ளெக்ஸ்பிரைஸ்' கட்டிப்போடாதது. சுவிட்சர்லாந்தில் சாதாரண டிக்கெட் எந்த ரயிலோடும் கட்டப்பட்டதல்ல. சூரிக் விமான நிலையத்துக்குக் கீழேயே ஸ்டேஷன் இருப்பதால் எப்போது இறங்கினாலும் வருகிற ரயிலில் ஏறிப் போகலாம். அங்கே சிக்கலில் மாட்டுகிறவர்கள் 'ஷ்பார்பில்லெட்' என்ற தள்ளுபடி டிக்கெட் எடுத்தவர்கள்தான். ஜப்பானில் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலின் சாதாரண முன்பதிவு டிக்கெட்டை வைத்திருந்து ரயிலைத் தவறவிட்டால், அதே நாளில் பின்னால் வரும் ரயிலின் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறிக்கொள்ளலாம். இருக்கை உறுதியில்லை, அவ்வளவுதான். தள்ளுபடித் திட்டங்களில் வாங்கியதற்கு இந்தச் சலுகை இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஹயபுசா, கோமாச்சி, ககயாகி போன்ற ரயில்களில் முன்பதிவில்லாப் பெட்டியே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, ரயில் போயேவிட்டது. இப்போது? அடுத்த ரயிலில் ஏறி உள்ளே வரும் பரிசோதகரிடம் கதை சொல்லலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். அவர் கண்ணில் நீங்கள் செல்லாத டிக்கெட்டோடு ஏறியவர். ஏறுவதற்கு முன்பே கவுண்டருக்குப் போங்கள். போர்டிங் பாஸையும், விமான நிறுவனம் அனுப்பிய தாமதச் செய்தியையும் காட்டுங்கள். சட்டப்படி அவர்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர் மனிதர். சில நேரம் டிக்கெட்டில் ஒரு முத்திரை குத்தி அனுப்பிவிடுவார். எனக்கு மூன்று முறையில் ஒரு முறை பலித்திருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ரயில் பயணிகள் உரிமைச் சட்டத்தை (2021/782) காட்டி வாதாடிப் பயனில்லை. ரயில் தாமதமானால்தான் அது பேசும். விமானம் தாமதமானால் பேசாது. இழப்பைக் கேட்க வேண்டிய இடம் விமான நிறுவனம். 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு, தாமதத்தால் பயணிக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு விமான நிறுவனத்தைப் பொறுப்பாக்குகிறது. தாமதத்தைத் தவிர்க்கச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம் என்று அவர்கள் நிரூபித்தால் மட்டும் விலக்கு. அதனால் வீணான டிக்கெட், புதிதாக வாங்கிய டிக்கெட் இரண்டின் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். தாமதத்தை உறுதிசெய்யும் கடிதம் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். பயணக் காப்பீடு எடுத்திருந்தால், இணைப்பைத் தவறவிட்டதற்கான பிரிவு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அவர்களும் முதலில் கேட்கப்போவது இந்தக் கடிதத்தைத்தான்.

இன்னும் வாங்கவில்லை; எவ்வளவு இடைவெளி விடுவது?

ஒரு குறிப்பிட்ட ரயிலோடு கட்டிப்போட்ட டிக்கெட் என்றால், விமானம் தரையிறங்க வேண்டிய நேரத்திலிருந்து மூன்று மணி நேரம். இது என் கணக்கு. கைப்பையோடு வந்து, இமிக்ரேஷன் இல்லாத பயணமாக இருந்தால் குறைத்துக்கொள்ளலாம். ஷெங்கன் நாடுகளுக்குள் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்) நுழைகிறவர்கள் கூட்டிக்கொள்ளுங்கள். 2025 அக்டோபர் 12 முதல் அங்கே புதிய நுழைவுப் பதிவு முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. முதல் முறை நுழைபவரின் கைரேகை, முகம் இரண்டையும் பதிவு செய்கிறார்கள். வரிசை மெதுவாகத்தான் நகரும்.

கட்டிப்போடாத டிக்கெட் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம். விலை வித்தியாசம் சிறியதாக இருந்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். மலிவு டிக்கெட் வாங்கி இரவெல்லாம் விமானத்தில் கடிகாரம் பார்த்து வருவது ஒரு மிச்சமா?

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. டிக்கெட்டை விமான நிலைய ஸ்டேஷனிலிருந்தே எடுங்கள். நகரத்தின் மத்திய ஸ்டேஷனிலிருந்து எடுத்தால் ஒன்றிரண்டு காசு குறையலாம். ஆனால் விமான நிலையத்திலிருந்து மத்திய ஸ்டேஷனுக்குப் போகும் உள்ளூர் ரயில் தாமதமானால் அது உங்கள் பாடு. ஒரே டிக்கெட்டாக முழுத் தூரத்துக்கும் எடுத்திருந்தால், முதல் ரயிலின் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டாலும் சேர்ப்பிக்க வேண்டியது ரயில்காரரின் பொறுப்பு. மேலே சொன்ன ஐரோப்பிய ரயில் பயணிகள் உரிமைச் சட்டம் உதவிக்கு வருவது இங்கேதான்.

தேடினால் ரயிலே காட்டவில்லை

பதற வேண்டாம், ரயில் ரத்தாகியிருக்க வாய்ப்பு குறைவு. முதலில் தேதியைப் பாருங்கள். விமானம் 14ஆம் தேதி இரவு 11.50க்குக் கிளம்பினால் நீங்கள் இறங்குவது 15. நள்ளிரவு தாண்டி 12.30க்கு என்றால் டிக்கெட்டில் 15 என்று இருக்கும், நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்புவது 14 இரவு. விமான டிக்கெட்டில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் +1 என்று இருக்கும். அதைத் தவறவிட்டு ஒரு நாள் முந்தி ரயில் எடுத்தவர்களை எனக்குத் தெரியும். ரயில் நேரம் எப்போதும் அந்த ஊர் நேரம்தான். போனின் நாட்காட்டியில் நீங்களே கையால் போட்டு வைத்திருந்தால், நாடு மாறியதும் போன் அதைத் தன்னிஷ்டத்துக்கு நகர்த்திக் காட்டக்கூடும். நேரத்தை நாட்காட்டியை நம்பி வைக்காமல் டிக்கெட்டைத் திறந்து பாருங்கள்.

தேதி சரி என்றால், விற்பனை இன்னும் திறக்காமல் இருக்கலாம். விமானத்துக்குப் பத்துப் பதினோரு மாதம் முன்பே டிக்கெட் கிடைத்துவிடுகிறது. ரயில் அப்படியில்லை. சீனாவில் 15 நாள் முன்புதான். ஷின்கான்சென் இருக்கைகள் வழக்கமாக ஒரு மாதம் முன்பு, காலை 10 மணிக்கு. பிரிட்டனில் அட்வான்ஸ் டிக்கெட்டுகள் ஏறத்தாழ 12 வாரம் முன்பு வரும். இப்போதே வாங்கித் தருகிறேன் என்று ஏதாவது இடைத்தரகர் தளம் சொன்னால், அது டிக்கெட் அல்ல. திறந்ததும் முயன்று பார்க்கிறேன் என்ற வாக்கு மட்டுமே.

மூன்றாவது, ஸ்டேஷன் பெயர். ஃபிராங்க்ஃபர்ட் என்று ஜெர்மனியில் இரண்டு ஊர்கள் உண்டு: மைன் நதிக்கரையில் ஒன்று, போலந்து எல்லையில் ஓடர் நதிக்கரையில் இன்னொன்று. நீங்கள் இறங்குவது மைன். அந்த விமான நிலையத்திலேயே உள்ளூர் ரயிலுக்கு ஒரு ஸ்டேஷன், நீண்டதூர ரயிலுக்கு ஒரு ஸ்டேஷன். ஷாங்காயில் ஹோங்சியாவ் விமான நிலையமும் ஹோங்சியாவ் ரயில் நிலையமும் ஒட்டி இருக்கின்றன; ஆனால் பெரும்பாலான சர்வதேச விமானங்கள் இறங்குவது நகரத்தின் மறு கோடியில் உள்ள புதோங்கில். பாரிஸில் சார்ல் து கோல் இரண்டாம் முனையத்திலேயே அதிவேக ரயில் நிற்கிறது. அங்கிருந்து கிளம்பும் ரயில் கிடைக்காமல், நகருக்குள் உள்ள லியோன் அல்லது மோன்பர்நாஸ் ஸ்டேஷனிலிருந்து எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகக் கணக்கிடுங்கள். மலிவு விலை ஊயிகோ ரயில்களில் சில, நகருக்கு வெளியே மார்ன் லா வாலேயிலிருந்து கிளம்புகின்றன. டிக்கெட்டில் 'பாரிஸ்' என்ற சொல்லை மட்டும் பார்த்து வாங்கி ஏமாறுகிற இடம் இது.

ஊரின் பெயரை அந்த நாட்டு மொழியிலும் தேடிப் பாருங்கள். ஃப்ளோரன்ஸ் கிடைக்காவிட்டால் ஃபிரென்சே, வியன்னா கிடைக்காவிட்டால் வீன்.

கார்டு மறுக்கப்படுகிறது, ஓடிபி வரவில்லை

தரையிறங்கியதும் உள்ளூர் சிம்மோ, டேட்டா மட்டும் தரும் இ-சிம்மோ போட்டுக்கொள்கிறோம். வங்கியின் ஓடிபி வருவது பழைய எண்ணுக்கு. அந்த சிம் கழற்றப்பட்டு, பர்ஸின் ஒரு மூலையில், ஊசியோடு சேர்த்து மடித்த காகிதத்தில் கிடக்கிறது. பணம் கட்டும் பக்கத்தில் ஐந்து நிமிடம் ஓடி முடிந்துவிடும். பழைய சிம்மைக் கழற்றாமல், அதில் ரோமிங்கில் எஸ்.எம்.எஸ். மட்டும் வரும்படி கிளம்பும் முன்பே ஏற்பாடு செய்யுங்கள். வங்கி ஆப்பிலேயே ஒப்புதல் கொடுக்கும் வசதி இருந்தால் அதற்கு மாறிவிடுங்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குக் கார்டு திறந்திருக்கிறதா என்பதையும் அதே ஆப்பில் பார்த்துவிடலாம்.

இப்போதே அங்கே நிற்கிறீர்கள், ஓடிபி வர வழியில்லை என்றால் டிக்கெட் இயந்திரத்துக்குப் போங்கள். அங்கே ஓடிபி கேட்காது. சிப்பும் பின் எண்ணும் போதும். பின் எண் நினைவில்லாதவர்கள் கவுண்டர் வரிசையில் நிற்க வேண்டியதுதான். இயந்திரம் 'உங்கள் நாட்டு நாணயத்தில் கட்டுகிறீர்களா?' என்று அன்பாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லி உள்ளூர் நாணயத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்த அன்புக்குள் ஒரு மோசமான மாற்று விகிதம் ஒளிந்திருக்கிறது.

பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை

உடனே மறுபடி வாங்காதீர்கள். முதலில் ஆப்பில் 'என் பயணங்கள்' பகுதி, அப்புறம் மின்னஞ்சலின் ஸ்பேம் பெட்டி, அதற்கப்புறம் மின்னஞ்சல் முகவரியில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று. பதிவு எண் எங்கும் இல்லை என்றால், பெரும்பாலும் வங்கி தொகையைப் பிடித்து வைத்திருக்கிறது, விற்பனை நடக்கவில்லை. சில நாளில் திரும்பிவிடும்.

விமான டிக்கெட்டிலேயே ரயிலும் இருக்கிறது, ஆனால் ரயில் டிக்கெட் எங்கே?

இது நல்ல சிக்கல். உங்கள் பயணத் திட்டத்தில் விமான எண் போல ஒரு எண், அதற்கு எதிரே ஏதோ ரயில் நிலையம், நிலையக் குறியீடாக கியூ.ஒய்.ஜி. என்று இருந்தால் அது ஜெர்மன் ரயிலைக் குறிக்கிறது. இதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

'ரெயில் அண்ட் ஃப்ளை' என்பது தளர்வானது. இறங்கும் நாளிலோ மறுநாளிலோ எந்த ரயிலிலும் ஏறலாம். திரும்பும்போது விமானம் கிளம்பும் நாளும் அதற்கு முந்திய நாளும் செல்லும். ஆனால் விமான டிக்கெட்டைக் காட்டி ஏற முடியாது. விமான நிறுவனம் தரும் குறியீட்டை வைத்து, ஏறும் முன்பே ரயில் டிக்கெட்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் குறியீடு பல நேரம் நாலு பக்க பி.டி.எஃப்.பின் கடைசிப் பக்கத்தில் கிடக்கும். நேரம் தெரியாத பயணத்துக்கு இதைவிட வசதியான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

ஜெர்மன் விமான நிறுவனமான லுஃப்தான்சாவின் 'லுஃப்தான்சா எக்ஸ்பிரஸ் ரெயில்' வேறு மாதிரி. அதில் குறிப்பிட்ட ரயிலே ஒரு விமானம் போல. எண், இருக்கை, செக்-இன் எல்லாம் உண்டு. விமானம் தாமதமானால் அடுத்த ரயிலில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. திரும்பும் பயணத்தில்தான் கண்ணி இருக்கிறது: ரயிலை விட்டுவிட்டு நண்பர் காரில் நேராக விமான நிலையம் போய்விட்டால், முதல் கட்டத்துக்கு வராதவர் என்று மிச்ச விமானங்களும் ரத்தாகிவிடலாம். பிரான்சிலும் இதே மாதிரி, ரயிலையும் விமானத்தையும் ஒரே பதிவில் சேர்த்து விற்கிறார்கள்.

பெயரை ஏற்க மறுக்கிறது

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ளவர்களுக்கு இது தினசரித் தலைவலி. தளமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் நகர விடாது. ஐரோப்பிய ரயில்களுக்கு நான் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடுகிறேன். இதுவரை யாரும் கேட்டதில்லை. முதலெழுத்தை மட்டும் போட்டால் சில தளங்கள் ஒற்றை எழுத்து போதாது என்று துப்பிவிடும். சீனாவில் இந்த விளையாட்டு வேண்டாம். அங்கே பாஸ்போர்ட்தான் டிக்கெட். எண்ணும் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். 12306 என்ற அரசுத் தளத்தில் வெளிநாட்டு பாஸ்போர்ட்டைச் சரிபார்க்க நேரம் பிடிக்கும் என்பதால், இறங்கிய பிறகு கணக்குத் திறக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். ஸ்டேஷனில் தானியங்கிக் கதவு உங்கள் பாஸ்போர்ட்டைப் படிக்காவிட்டால், ஓரத்தில் ஆள் நிற்கும் வழிக்குப் போங்கள்.

டிக்கெட் இருக்கிறது, கதவு திறக்கவில்லை; அல்லது அபராதம் என்கிறார்கள்

வாங்கியது வேறு, செல்லுபடியாக்குவது வேறு என்று சில நாடுகள் வைத்திருக்கின்றன. இத்தாலியில் உள்ளூர் ரயிலின் காகித டிக்கெட்டை ஏறும் முன் சிறு இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். ஆப்பில் வாங்கியது என்றால் அதில் செக்-இன் செய்ய வேண்டும். நெதர்லாந்தில் கார்டைத் தட்டி உள்ளே போகிறவர்கள் வெளியே வரும்போதும் தட்ட வேண்டும், அதுவும் அதே பொருளால். உள்ளே போகப் போனைத் தட்டி, வெளியே வரப் பர்ஸிலிருந்து கார்டை எடுத்துத் தட்டினால், இரண்டும் ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும் இயந்திரத்துக்கு நீங்கள் இரண்டு ஆள்.

பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில் கதவு திறக்காததற்குப் பெரும்பாலும் வேறு காரணம்: அந்த ஸ்டேஷனுக்கென்று 'டியாபோலோ' என்ற கூடுதல் கட்டணம் உண்டு, டிக்கெட்டில் அது சேர்ந்திருக்க வேண்டும். லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் எலிசபெத் லைனும் ஹீத்ரோ எக்ஸ்பிரஸும் இரண்டுமே பேடிங்டன் ஸ்டேஷனுக்குப் போகின்றன, ஆனால் கட்டணம் வேறு. அவசரத்தில் முதலில் வந்ததில் ஏறுவதற்கு முன் பெட்டியின் மேலுள்ள பெயரை ஒரு முறை பாருங்கள்.

பெட்டி பெரிதாக இருக்கிறது என்கிறார்கள்

விமானத்தில் ஏற்றிய பெட்டி ரயிலில் ஏறாதா என்ன என்று நினைப்போம். ஷின்கான்செனின் தொக்கைடோ, சன்யோ, கியூஷு தடங்களில் 2020 மே முதல், நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 160 செ.மீ.க்கு மேல் 250க்குள் உள்ள பெட்டிக்கு, அதற்கான இடத்தோடு கூடிய இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். பல விமான நிறுவனங்களின் வரம்பு 158 செ.மீ. மயிரிழையில் தப்பிக்கிறீர்கள். சக்கரத்தையும் சேர்த்து அளந்து பாருங்கள். லண்டனை பாரிஸ், பிரஸ்ஸல்ஸ் போன்ற ஊர்களோடு இணைக்கும் யூரோஸ்டார் ரயிலில் பெட்டி 85 செ.மீ. நீளத்துக்குள் இருக்க வேண்டும். ஊயிகோவில் பெரிய பெட்டிக்குத் தனிக் கட்டணம். டிக்கெட் வாங்கும்போதே சேர்த்துவிடுங்கள்.

லண்டன் போகும், லண்டனிலிருந்து வரும் யூரோஸ்டாரில் இன்னொரு சங்கதி: அதை மற்ற ரயில்களைப் போல நினைத்து ஓடி வராதீர்கள். புறப்படுவதற்கு 30 நிமிடம் முன்பே நுழைவுக் கதவு சாத்திவிடும். பாஸ்போர்ட் சோதனை ஸ்டேஷனிலேயே நடக்கிறது.

கடைசி ரயிலும் போய்விட்டது

போக வேண்டிய ஊரை விட்டுவிட்டு, வழியில் உள்ள பெரிய ஊர்வரை ரயில் இருக்கிறதா என்று தேடுங்கள். பாதி தூரம் போய்த் தூங்கினால் காலையில் அங்கிருந்து அதிக ரயில் கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் நகரத்து மத்திய ஸ்டேஷனுக்குப் போய் உட்காரலாம் என்று கிளம்பாதீர்கள். பல ஸ்டேஷன்களை இரவில் பூட்டிவிடுகிறார்கள். விமான நிலையத்தில் வெளிச்சமும் கழிப்பறையும் போனுக்குச் சார்ஜும் கிடைக்க வாய்ப்பு அதிகம். காலை முதல் ரயிலுக்கு டிக்கெட்டை அப்போதே எடுத்துவிட்டு, பெட்டியின் கைப்பிடியில் கையைக் கோத்துக்கொண்டு கண்ணை மூடுங்கள்.